மெய்க்கீர்த்திக்குக் காத்திராத வெள்ளம்

ஏரி நிறைக. கரை நிலைக்க. நாவல் நிழல் தழைக்க.

வெண்ணாவல் நாட்டுப் பேரரசி வானவல்லியாரின் திருவாணை தாங்கி, தலைநகராம் தண்ணாவலூரிலிருந்து தலைமை அமைச்சர் அதிகன் விழுப்பரையர், குளிர்குன்றக் கோட்டத்துத் தலைவரும், மேகம் தங்கும் மலைக்கு மேலாளரும், பனி கண்டு நடுங்காப் பெருந்தோளரும், காட்டுயானைக்கு வழிவிட்ட கருணையாளரும், அருவிகளுக்கு ஆணை பிறப்பித்த கோமானும், தேன்வரி தள்ளிய வள்ளலும், உறங்காத் திருவிழியாளரும் ஆகிய மழவன் பேரரையனார் அவர்களுக்கு விடுக்கும் ஓலை.

தங்கள் கோட்டத்தில் மழை பொய்யாதிருக்கவும், பெய்த மழை அளவு மீறாதிருக்கவும், குடிகளும் கன்றுகாலிகளும் நோயின்றி வாழவும் அமைச்சர் வேண்டுகிறார். தங்கள் விருதுகளில் எஞ்சியவை ஓலை போதாமையால் இங்கே விடப்பட்டன. அவற்றையும் எழுதுவதானால் தலைநகரைச் சுற்றியுள்ள பனைகள் எல்லாம் மொட்டையாகிவிடும். ஓலை விடுப்பவர் தம்மை ‘யான்’ என்று எழுதலாகாது என்னும் நம் நாட்டு மரபுப்படி, இனி வருவனவற்றில் அமைச்சர் தம்மை அமைச்சர் என்றே குறிப்பார். அந்த மரபு இல்லாதிருந்தால் இவ்வோலை இன்னும் சூடாக இருந்திருக்கும்.

தங்கள் திருமுகம் கிடைத்தது. தலைநகரின் ஏரி அலுவலகமாகிய ஏரிக் கச்சேரியில் உள்ள கணினி விடியலில் விழித்து, தங்கள் விருதுகளை அடுக்கும் மெய்க்கீர்த்தியைப் பாடிக்கொண்டிருக்கையில், ஏரி அதிகாரியான காரி நங்கை என்பார் பாதியிலேயே கூப்பிய கையைப் பிரித்து வெளியே நடந்தார் என்றும், விருது ஒலிக்கையில் நின்ற இடம் விட்டு நகர்வோர் பதவி இழந்து நாட்டெல்லை கடக்க வேண்டும் என்னும் தொன்மைச் சட்டப்படி அவரை உடனே வெளியேற்ற வேண்டும் என்றும் தாங்கள் எழுதியிருந்தீர்கள். அமைச்சர் அதைப் படித்தார். கீழே வைத்தார். ஒரு செம்பு தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் படித்தார். அன்று மலையில் என்ன மழை பெய்தது, அந்தத் தண்ணீர் எங்கே போயிற்று என்பது பற்றித் திருமுகத்தில் ஒரு சொல்லும் இல்லை.

ஆகலின் அன்று நடந்ததை அமைச்சரே சொல்ல வேண்டியதாயிற்று. தங்கள் மலையணை நிரம்பி வழிந்தால் அந்த வெள்ளம் நொச்சியாற்றின் வழியாக, வெயில் ஏறுவதற்குள் எங்கள் மாகடல் ஏரிக்கு வந்து சேரும். அதற்கு முன்பே ஏழுகண் மதகைத் திறந்து ஏரியில் இடம் பண்ணி வைக்காவிட்டால் கிழக்குக் கரை உடையும். கிழக்குக் கரையை ஒட்டிக் கீழே சிறுகரைக்குடி இருக்கிறது. இது தங்களுக்கும் தெரியும், சிறுகரைக்குடியில் நேற்றுப் பிறந்த குழந்தையைத் தவிர எல்லோருக்கும் தெரியும். தங்கள் மலைக்காவலர் அனுப்பும் எச்சரிக்கை வந்து சேரும் ஒரே இடம் அந்தக் கணினிதான்.

பொறிக்கும் இரவில் ஓய்வு வேண்டும் என்பது அரசியாரின் கட்டளை. எனவே மாலையில் அணைத்து, விடியலில் விழிக்கச் செய்வார்கள். அன்று நங்கை வழக்கம்போல் வந்து பொத்தானை அழுத்தினார். பொறி விழித்தது. தங்கள் மலையிலிருந்து ஓலை ஒன்று வந்திருப்பதாகத் திரையின் மூலையில் சிவப்புப் புள்ளியும் தோன்றியது. அதை அழுத்தினார். அசையவில்லை. மறுபடியும் அழுத்தினார். பொறி வேறு யார் யாரையோ எழுப்பிக்கொண்டிருந்தது. அதற்குள் திரை முழுவதும் தங்கள் திருவுருவம் நிறைந்து, முழவு முழங்க, மெய்க்கீர்த்தி தொடங்கிவிட்டது.

நங்கை விருதை மதிக்கவே இல்லை என்பது போலத் தாங்கள் எழுதியிருப்பது பொய். அவர் கூப்பி நின்றார். மேகம் தங்கும் மலைக்கு நின்றார், பெருந்தோளுக்கு நின்றார், காட்டுயானைக்கும் நின்றார். அப்போது சாளரத்தின் வழியே படித்துறையைப் பார்த்தார். அவர் வரும்போது காய்ந்து கிடந்த படியைத் தண்ணீர் நக்கிக்கொண்டிருந்தது. அவர் கைகளைப் பிரித்தார், ஓடினார், மதகுக்காரர்களைத் தாமே தட்டி எழுப்பித் திருகைச் சுற்ற வைத்தார். விருதுகள் ஓய்ந்து, திரை தெளிந்து, தங்கள் எச்சரிக்கை ஒருவழியாகத் திறந்தபோது அதில் எழுதியிருந்தது யாதெனின்: மலையணை வழிகிறது, இக்கணமே மதகைத் திறக்கவும். அப்போது அதைப் படிக்கக் கச்சேரியில் ஆள் இல்லை. எல்லோரும் மதகில் இருந்தார்கள்.

வெள்ளம் கரையின் விளிம்பை நெருங்கி வந்து, ஒரு முழம் கீழே நின்றுவிட்டது.

அன்று மதியம் அமைச்சர் சிறுகரைக்குடிக்கு நடந்து போய்ப் பார்த்தார். கரைமேல் நின்றால் வீட்டுக் கூரைகள் காலுக்குக் கீழே இருந்தன. ஒரு பெண் கூரைமேல் வற்றல் காயப் போட்டுக்கொண்டிருந்தார். அமைச்சரைப் பார்த்து, இன்றைக்கு வெயில் வருமா ஐயா என்று கேட்டாராம், அமைச்சர் வானத்தைப் பார்க்காமல் கரையைப் பார்த்தாராம். ஊரில் அப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள். உண்மை. கோபம் பிறகு வந்தது. அப்போது வந்தது அச்சம் மட்டுமே.

இன்னொன்றும் அமைச்சருக்குப் புரியவில்லை. நங்கை நடுவில் போனது தங்களுக்கு யார் சொன்னார்கள்? கச்சேரியில் இருந்தவர்கள் சத்தியம் செய்தார்கள், நாங்கள் இல்லை என்று. விசாரித்ததில், தங்கள் மெய்க்கீர்த்திப் பணியே பொறியின் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, யார் நிற்கிறார், யார் நகர்கிறார் என்று பார்த்து, அவ்வப்போது தங்களுக்கு ஓலை அனுப்பிவருவது தெரிந்தது. எதிரே நிற்பவர் கை பிரிந்த சேதி கண்ணிமைக்கும் நேரத்தில் மலை ஏறுகிறது. மலையிலிருந்து வெள்ளச் சேதி இறங்குவதற்கு மட்டும் விருது முடிய வேண்டும். பெருந்தலைவரே, இதை எழுதுகையில் அமைச்சரின் எழுத்தாணி ஓலையைக் கிழித்தது. அந்த ஓலையை எறிந்துவிட்டு வேறு ஓலை எடுத்தார்.

நங்கையின் குற்றத்தை ஆராய வேண்டுமானால், பொறி ஏன் இவ்வளவு மெல்ல விழிக்கிறது என்பதை முதலில் ஆராய வேண்டும் என்று அமைச்சர் கருதினார். அவரே பொறியின் முன் அமர்ந்து, நீ விழித்ததும் யாரும் அழைக்காமலேயே உன்னுள் எழுந்து நிற்பவர் யார் யார், காட்டு என்று கேட்டார். காட்டிற்று. அமைச்சர் இருக்கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். அரண்மனைச் சமையற்கட்டில் கூட அவ்வளவு பேர் இல்லை.

செத்துப்போன அச்சுப்பொறி ஒன்றுக்கு மை இருக்கிறதா என்று தினமும் பார்க்க ஒருவன் எழுகிறான். அந்த அச்சுப்பொறியைப் பழைய இரும்புக்குப் போட்டு வெகுகாலமாயிற்று. நாம் கேள்விப்பட்டே இராத ஏதோ ஒரு தீவில் இன்று பனி பெய்யுமா என்று சொல்ல ஒருவன். களவு காக்க மூன்று காவலர், மூவரும் மற்ற இருவரைக் களவாளி என்று சந்தேகித்து விடியல் முழுவதும் ஒருவரை ஒருவர் சோதனை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். வேலையை விட்டுப் போன கணக்கர் ஒருவர் விளையாடிய சதுரங்கம், அவர் எப்போது திரும்புவார் என்று வாசலைப் பார்த்தபடி. இவர்கள் எல்லோருக்கும் புதுச்சட்டை வந்திருக்கிறதா என்று கேட்டு வர ஆளுக்கொரு எடுபிடி. இத்தனை பேரும் முண்டியடித்து முடித்த பிறகு, கடைசியில், வாசற்படியில், மழையில் நனைந்தபடி நிற்கிறது நம் ஏரியின் வேலை.

இவர்களை யார் உள்ளே விட்டது என்று அமைச்சர் சத்தம் போட்டார். நங்கை சத்தத்துக்கு அசைகிறவர் அல்லர். அமைச்சரின் விரல் உட்படக் கச்சேரியில் எல்லா விரல்களுமே விட்டன என்று அவர் விடையிறுத்தார். அவர் சொன்னது மெய். வேலை கேட்டு வாசலில் நிற்பவரிடம் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்வது நம் நாட்டில் பண்பன்று. ‘ஆகட்டும்’ என்போம். கேட்டவரும் பொருள் புரிந்துகொண்டு, கும்பிட்டுவிட்டு, அடுத்த வாசலுக்குப் போவார். மனிதருக்கு அது போதும். பொறிக்குள் நுழையும் இந்தப் பணியாட்களோ, விடியலில் நானும் எழட்டுமா என்று திரையில் பணிவாகக் கேட்டார்கள். நாம் பழக்கதோஷத்தில் ‘ஆகட்டும்’ என்பதை அழுத்தினோம். அவர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு உள்ளே குடிவந்துவிட்டார்கள்.

அமைச்சர் அன்றே ஒருவர் விடாமல் உட்கார வைத்தார். மாலையில் மனநிறைவோடு வீடு திரும்பினார். மறுநாள் விடியலில் அத்தனை பேரும் பல் தேய்த்துவிட்டு வரிசையாக நின்றார்கள். இன்று எழுந்தவனை உட்கார வைப்பது வேறு, நாளை எழாதபடி செய்வது வேறு என்பது அப்போதுதான் விளங்கிற்று. அமைச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு, யாருமே எழ வேண்டாம் என்று எல்லார் பெயருக்கும் எதிரே தடை போட்டார். அதற்கு மறுநாள் பொறிக்கு நேரம் தெரியவில்லை, வெளியூர் ஓலை எதுவும் வரவில்லை, அமைச்சர் விசைப்பலகையைத் தட்டினால் அதை யாரோ வழிப்போக்கர் கதவு தட்டுவதாக நினைத்துப் பேசாமல் இருந்தது. நங்கை சிரிப்பை அடக்க வெளியே போனார். அவர் அடக்கியது கச்சேரி முழுவதும் கேட்டது.

பின்னர் இருவரும் அமர்ந்து, சண்டை போட்டு, ஒவ்வொருவராகப் பிரித்தார்கள். நேரம் சொல்பவன், ஓலை கொண்டுவருபவன், களவு காப்பவரில் ஒருவன், இவர்கள் தாமே எழலாம். அச்சுப்பொறி ஏவலர் போன்றோர் அழைத்தால் மட்டும் எழ வேண்டும். தீவின் பனியும் சதுரங்கமும் எழவே வேண்டா. பழைய கணக்கர் பாவம், ஒருநாள் வந்து ஆடட்டும் என்று நங்கை வாதாடினார். அமைச்சர் ஒப்பவில்லை. இவ்வளவும் செய்தபின் பொறி ஒரு வெற்றிலை மடிக்கும் நேரத்தில் விழித்தது.

ஆனால் தங்கள் மெய்க்கீர்த்தி மட்டும் அசைந்து கொடுக்கவில்லை. தடை போட்டால் மறுநாள் வந்து நிற்கும். வேரோடு எடுத்தாலும் வந்து நிற்கும். ‘நலம் காப்போன்’ என்ற சாதுவான பெயரில் இன்னொருவன் ஓர் ஓரமாக உட்கார்ந்திருந்தான். பொறியின் நலம் பற்றி அவனுக்கு ஒரு கவலையும் இல்லை. மெய்க்கீர்த்தி விழுந்தால் தூக்கி நிறுத்துவதே அவன் வேலை. அவனை உட்கார வைத்தால் மெய்க்கீர்த்தி அவனை எழுப்பும். இருவரையும் ஒருசேர உட்கார வைக்க வேண்டுமானால் பாட்டு நடக்கும்போதே கை வைக்க வேண்டும். விருது ஒலிக்கையில் கை வைப்பதும் சட்டப்படி குற்றம். தங்கள் பொறிவினைஞர் இதை நன்றாக யோசித்துத்தான் செய்திருக்கிறார். அந்த மூளையைத் தாங்கள் மலையணையின் மேல் செலவிட்டிருக்கலாம்.

விஷயம் அரசியாரிடம் போயிற்று. நங்கையை அனுப்புவதற்கான ஆணையைத் தாங்கள் எழுதியபடியே எழுதி, முத்திரைக்கு மட்டும் இடம் விட்டு, அமைச்சர் பீடத்தில் வைத்தார். சட்டம் சட்டம்தான்; அதை மறைக்க அமைச்சருக்கு உரிமை இல்லை. நங்கையோ ஏற்கனவே தம் வீட்டுச் சாமான்களைக் கட்டி வைத்திருந்தார். எல்லைக்கு அப்பால் எந்த ஊர் ஏரிக்கு ஆள் தேவை என்றும் விசாரித்து வைத்திருந்தார். அது அமைச்சருக்கு நெஞ்சை அறுத்தது. ஓர் ஊரையே கரையேற்றியவர் பானை சட்டியைக் கயிற்றில் கட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்துக்கொண்டிருக்க யாரால் முடியும்?

அரசியார் முத்திரையைக் கையில் எடுக்கவில்லை. குற்றம் நடந்தபடியே அதைத் தாம் காண வேண்டும் என்றார். மறுநாள் விடியலில் ஏரிக் கச்சேரிக்கு எழுந்தருளினார். நங்கை பொத்தானை அழுத்தினார். தங்கள் திருவுருவம் எழுந்தது. அரசியார் உட்பட எல்லோரும் கைகூப்பி நின்றோம்.

மேகம் தங்கும் மலை போயிற்று. பெருந்தோள் போயிற்று. யானை போயிற்று. அருவிகளுக்கு ஆணை பிறந்தது. இது எப்போது முடியும் என்று அரசியார் உதடசையாமல் கேட்டார். தமக்கும் தெரியாது, விருதுகள் நாளுக்கு நாள் கூடுகின்றன, எண்ணிப் பார்த்திருக்கக்கூடிய அந்த ஒரு நாளில் தமக்கு வேறு வேலை இருந்தது என்று நங்கை விண்ணப்பித்தார்.

தேன்வரி வருவதற்குள் அரசியார் கைகளைப் பிரித்தார். வெளியே நடந்தார். கரைமேல் ஏறி, மதகுவரை சென்று, நீர்மட்டக் கல்லைத் தடவிப் பார்த்தார். சிறுகரைக்குடிக் கூரைகளை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பி நடந்து கச்சேரிக்குள் வந்தார். விருதுகள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. அப்போது அவர் முகம் இருந்த இருப்பை அமைச்சர் எழுத விரும்பவில்லை. நிறுத்து என்றார். அமைச்சர் இரண்டு கைகளாலும் ஒரே நேரத்தில் மெய்க்கீர்த்தியையும் நலம் காப்போனையும் நிறுத்தினார். கச்சேரியில் ஏரியின் சத்தம் கேட்டது. வெகுகாலமாக விடியலில் கேளாத சத்தம்.

அரசியார் அங்கேயே நின்றபடி அளித்த தீர்ப்பு வருமாறு. விருதுக்கு நிற்க வேண்டும் என்று முன்னோர் விதித்தது, அதைப் பாடும் மனிதர் எதிரே நின்றமையால். அவர் களைப்பார், இருமுவார், தண்ணீர் கேட்பார், கேட்போர் முகம் பார்த்துச் சுருக்குவார். களைக்கவே தெரியாத வாய்க்கு எதிரே எவரும் நிற்க வேண்டிய கடமை இல்லை. தாங்கள் இதை ஏற்காமல் பழைய சட்டமே நிற்க வேண்டும் என்று கருதினால், அச்சட்டப்படி நங்கை குற்றவாளி. கை வைத்த அமைச்சர் குற்றவாளி. நடுவில் வெளியே போன பேரரசியாரும் குற்றவாளி. அரசியார் போன சேதி, பணி நிறுத்தப்படுவதற்கு முன்பே தங்கள் மலைக்கு வந்து சேர்ந்திருக்கும். மூவரில் யாரை முதலில் எல்லை கடத்த வேண்டும் என்று தாங்கள் எழுதியனுப்பினால், சாமான் கட்ட வசதியாக இருக்கும்.

அதுவரைக்கும் பேரரசியாரின் திருவாணையாகத் தங்களுக்கு அறிவிக்கப்படுவது. மலையிலிருந்து வரும் எச்சரிக்கை இனி முழவின்றி, உருவின்றி, விருதின்றித் தலைநகர் சேர வேண்டும். நீர் எவ்வளவு, மதகு திறக்கவா வேண்டாவா என்னும் அவ்வளவே அதில் இருக்க வேண்டும். கச்சேரியைப் பார்த்துக்கொண்டிருக்கும் தங்கள் கண்ணை மூடிக்கொள்ளவும். அந்தக் கண்ணை மலையணைப் பக்கம் திருப்புவதானால் அரசியார் மகிழ்வார். நாடெங்கும் உள்ள கணினிகளில் வேலை கேட்டு நிற்கும் பணிகளுக்கு எவரும் இனி ‘ஆகட்டும்’ என்று அழுத்தலாகாது. வேண்டாதவற்றை வேண்டா என்றே அழுத்த வேண்டும். மனிதரிடம் பழைய பண்பே தொடரலாம். காரி நங்கை இன்று முதல் ஏரியோடு மதகுக்கும் அதிகாரி. அபாயம் என்று அவர் கண்ணுக்குப் பட்டால் எந்த ஓலைக்கும் காத்திராமல் திறப்பார்.

இவ்வாணையை மாற்றுவோர் மாகடல் ஏரி நிரம்பும் நாளில் கிழக்குக் கரைக்குக் கீழே குடியிருக்கக் கடவர். நாவல் இலை பொறித்த அரச முத்திரையை, பேரரசியார் பார்த்திருக்க, காரி நங்கை தம் கையால் இட்டார். மூட்டையை அவிழ்த்துவிட்டு வந்து இட்டார்.

தங்கள் மெய்க்கீர்த்தியை அழித்துவிட்டதாகத் தாங்கள் வருந்த வேண்டா. நாடு ஒரு தலைவரின் புகழை அழிக்காது. அதை, யாராவது அழைத்தால் மட்டும் எழும்படி வைத்திருக்கிறோம். இவ்வோலை கட்டப்படும் இந்நாள் வரை யாரும் அழைக்கவில்லை.